ஊர்ச் செய்திக்குத் திகதி போடுங்கள்

(வன்னியில் ஒரு சனசமூக நிலையத்தின் ஆண்டு விழாவில் பேசியது. பேச்சில் வந்த சில சுற்றல்களைக் குறைத்திருக்கிறேன். முழுவதையும் குறைக்க மனம் வரவில்லை.)

போன மாதம் நம் ஊர் வட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்தது. "நாளை காலை 9 மணிக்குக் கமக்காரர் அமைப்பின் கூட்டம். அனைவரும் தவறாமல் வரவும்." பதினொரு பேர் போனோம். மண்டபம் பூட்டிக் கிடந்தது. திறப்பு வைத்திருக்கிற தம்பி வந்து எங்களைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். அது போன வருசத்துக் கூட்டமாம். லண்டனில் இருக்கிற யாரோ பழைய செய்திகளைத் தட்டிப் பார்க்கும்போது கைதவறி மறுபடி அனுப்பிவிட்டார். முதலில் எழுதியவர் "நாளை" என்று எழுதினாரே தவிர, எந்த நாளுக்கு நாளை என்று எழுதவில்லை.

இன்றைக்கு எனக்குத் தந்த தலைப்பு "மரபுரிமையும் ஊடகமும்". கேட்கவே பயமாக இருக்கிறது. நான் ஒரு பத்திரிகைக்குப் பல வருசம் ஊர்ச் செய்தி எழுதியவன். வாய்க்கால் உடைந்தது, யானை வேலியைப் பிரித்தது, முன்பள்ளி விளையாட்டுப் போட்டி, குளம் நிரம்பி வழிந்து வான் பாய்கிறது, இவைதான் என் செய்திகள். மரபுரிமை என்றால் பேராசிரியர்களின் வேலை என்று நினைத்திருந்தேன். அந்த நினைப்பை ஓர் ஆச்சி உடைத்தார். அந்தக் கதையைச் சொல்லிவிட்டால் தலைப்பில் பாதி முடிந்துவிடும்.

வயலுக்குப் போகிற பழைய வண்டில் பாதையில் ஒரு சுமைதாங்கிக் கல் இருக்கிறதல்லவா. நட்டுவைத்த இரண்டு கல், மேலே குறுக்காக ஒன்று. தலைச்சுமையோடு வருகிறவர் யாருடைய உதவியும் இல்லாமல் இறக்கி வைத்து, திரும்பத் தூக்கிக்கொண்டு போக வசதியான உயரம். ஒரு நாள் செய்தி எதுவும் கிடைக்கவில்லை. அதைப் படம் பிடித்து, "சோழர் காலத்துச் சுமைதாங்கி கவனிப்பாரற்ற நிலையில்" என்று எழுதி அனுப்பினேன். சோழர் காலம் என்று எனக்கு யார் சொன்னது? யாரும் சொல்லவில்லை. கல் கறுத்திருந்தது, அவ்வளவுதான் ஆதாரம். படத்தோடு வந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மூன்றாம் நாள் ஓர் ஆச்சி என் வீட்டு வாசலில் நின்றார். பேரன் வாசித்துக் காட்டியிருக்கிறான். "தம்பி, ஆரப்பு அந்தச் சோழன்? அது என்ரை அப்பு வைச்ச கல்" என்றார். அவருடைய சின்னம்மா பிள்ளை வயிற்றில் இருக்கும்போதே இறந்துபோனாராம். அப்படி இறந்தவருடைய பாரத்தை இறக்கிவைக்கத்தான் நம் ஆட்கள் சுமைதாங்கி வைப்பார்கள். கல்லை வண்டிலில் ஏற்றி வந்தபோது இவர் சிறுபிள்ளை. "வண்டிலுக்குப் பின்னால ஓடினனான்" என்றார். எந்த வருசம் ஆச்சி என்று கேட்டேன். வருசம் தெரியவில்லை. ஆனால், "புயலுக்கு முந்தின மாரி. புயலுக்குக் கோயில் இலுப்பை விழுந்தது, கல்லு விழேல்லை" என்றார். புயல் என்றால் 1964 மார்கழிப் புயல். அப்போ கல் வைத்தது 1963. என் சோழர் காலம் ஏறக்குறைய ஆயிரம் வருசம் பிழை.

திருத்தம் போடும்படி எழுதி அனுப்பினேன். வரவில்லை. அது வேறு கதை. ஆனால் பாருங்கள், என் பொய்யான சோழனைவிட ஆச்சியின் உண்மையான சின்னம்மா எவ்வளவு பெரியவர். ஒரு சாவு, ஒரு குடும்பத்தின் துக்கம், வழிப்போக்கருக்கு ஓர் உபகாரம், எல்லாம் மூன்று கல்லில். கல் வைத்த அன்றைக்கு அது ஊர்ச் செய்தி. இன்றைக்கு மரபுரிமை. இடையில் அதை யாரும் எழுதி வைக்காததால் என்னைப் போன்ற ஒருவன் வந்து சோழன் தலையில் கட்டிவிட்டான்.

நம் வயதானவர்களிடம் வருசத்தைக் கேட்டால் கிடைக்காது. நிகழ்ச்சியைக் கேளுங்கள். புயலுக்கு முன்னா பின்னா? 1977 இனக்கலவரத்துக்குப் பிறகு மலையகத்துச் சனம் வந்து குடியேறினதற்கு முன்னா பின்னா? சுனாமிக்கு முன்னா? இடப்பெயர்வுக்கு முன்னா? இந்த முளைகளில் கயிற்றைக் கட்டினால் வருசம் தானாக வரும்.

மலையகத்துச் சனம் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். ஊர் வரலாறு எழுதுகிறோம் என்று புறப்படுகிறவர்கள் ஐந்தாறு குடும்பத்தின் வம்சாவளியை எழுதி முடித்துவிடுகிறார்கள். அந்தக் காட்டை வெட்டி, மலேரியாவில் கிடந்து, நம்மோடு வயலில் நின்றவர்களின் கதை அதில் இல்லை. அவர்கள் கொண்டுவந்த காமன்கூத்தும் இந்த ஊரின் மரபுதான். இதைச் சொன்னால் சிலருக்கு முகம் சுருங்கும். சுருங்கட்டும்.

செய்தி எப்படி மரபாகிறது என்று அறிய வேண்டுமானால் பஸ்ஸில் போகும்போது பெயர்ப்பலகைகளை வாசியுங்கள். தண்ணிமுறிப்பு, கரிப்பட்டமுறிப்பு. என்றைக்கோ ஒரு மாரியில் வெள்ளம் கட்டை முறித்துக்கொண்டு பாய்ந்த செய்தி அந்தப் பெயருக்குள் நிற்கிறது. முத்தையன்கட்டு, உடையார்கட்டு என்றால் கட்டைக் கட்டினவர், கட்டுவித்தவர் பேச்சு. நெடுங்கேணி ஒரு கிணற்றைச் சொல்கிறது. புதுக்குடியிருப்பு என்றால் யாரோ புதிதாக வந்து குடியேறியிருக்கிறார்கள். இன்றைக்கு அது எவ்வளவு பழைய ஊர்! ஆனால் பெயர் இன்னும் அந்த முதல் நாளிலேயே நிற்கிறது. நம் பாட்டன்மார் தலைப்பை மட்டும் எழுதிவிட்டுச் செய்தியை விட்டுவிட்டார்கள்.

செய்தியையும் சேர்த்து எழுதினவர்கள் யார்? ஆங்கிலேயரை எதிர்த்து நின்ற நம் வன்னி மன்னன் பண்டாரவன்னியன். கற்சிலைமடுவில் அவன் பெயர் பொறித்த கல்லை நினைத்துக்கொள்ளுங்கள். 1803 ஒக்டோபர் 31ஆம் திகதி, இவ்விடத்தருகே கப்டன் வொன் டிரிபேர்க் பண்டாரவன்னியனைத் தோற்கடித்தார் என்று ஆங்கிலத்தில் பொறித்த கல் அது. அதே ஆண்டு ஆவணியில் முல்லைத்தீவுக் கோட்டையை வன்னியன் பிடித்தானே, அதற்குக் கல் எங்கே? வென்றவன் தன் செய்தியைத் திகதியோடு கல்லில் வெட்டினான். நாம் நம் செய்தியைக் கதையாக வைத்திருந்தோம். நம் வீரனுக்கான திகதியை எதிரியின் கல்லில் தேட வேண்டியிருந்தது. வன்னி மாவட்டங்களைப் பற்றிய விரிவான கையேடும் அப்படித்தான். 1895இல் வந்தது, எழுதினவர் ஜே. பி. லூயிஸ் என்ற வெள்ளைக்கார அதிகாரி. அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. நன்றியோடுதான் புரட்டுகிறேன். ஆனாலும் உறுத்துகிறது.

சரி, குளத்துக்கு வருவோம். வன்னியில் ஊர் என்றால் குளம், வயல், கோயில். குளத்துக்குள்ளேயே ஒரு மொழி இருக்கிறது. தண்ணீர் ஏறி இறங்குகிற உட்கரை அலைகரை. வயலுக்குத் தண்ணீர் திறப்பது துருசு. மிஞ்சின தண்ணீர் வழிவது கலிங்கு. மாரியில் மட்டும் தண்ணீர் நிற்கிற சிறு பள்ளம் மோட்டை. போன கிழமை பத்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் கேட்டேன். துருசு என்றால் இரண்டு பேர் கை தூக்கினார்கள். மோட்டைக்கு ஒருவருமில்லை. அவர்களில் ஒருத்தியின் வீடே ஒரு மோட்டைக் கரையில்தான் இருக்கிறது!

இதெல்லாம் அழகுக்குச் சேர்த்துவைக்கிற சொல் அல்ல. 2018 மார்கழியில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் நின்றது உங்களுக்கு நினைவிருக்கும். நம் ஊரிலும் கலிங்குப் பக்கம் கட்டிய வீடுகளுக்குள் தண்ணீர் போனது. அந்த வீடுகளுக்கு அடையாளம் போட வந்தபோதே ஒரு பெரியவர், "தம்பிமாரே, வான் பாய்ஞ்சால் தண்ணி இந்தப் பாலையடியாலதான் போகும்" என்று சொன்னாராம். வரைபடத்தில் அங்கே வெறும் தரவை நிலம்தான் இருந்தது. பெரியவர் பேச்சு எந்தத் தாளிலும் இல்லை. வெள்ளம் வடிந்த பிறகு சுவரில் நின்ற சேற்றுக் கோட்டை நான் சுண்ணக்கட்டியால் குறித்துத் திகதி போட்டேன். அடுத்த தீபாவளிக்கு வீட்டுக்காரர் வெள்ளையடித்துவிட்டார். அவரைச் சொல்லி என்ன, படம் எடுத்து வைக்காதது என் பிழை.

"எல்லாம்தான் போச்சே ஐயா, இனி எதைச் சேர்ப்பது" என்று சிலர் கேட்கிறார்கள். உண்மைதான். 2008, 2009இல் போருக்குள் நாம் ஓடினபோது பையில் அடையாள அட்டையும் காணி உறுதியும்தான் இருந்தன. பள்ளிக்கூடத்துப் பதிவேடு, சங்கத்துக் கூட்டக் குறிப்பு, கோயில் கணக்கு எல்லாம் போயின. திரும்பி வந்தபோது பலருக்கு அப்பாவின் முகத்துக்கே ஒரு படமில்லை.

ஆனால் ஓர் இடத்தில் இருக்கிறது. அதற்கு முன்பே வெளிநாடு போனவர்களின் அலுமாரியில். ரொறொன்ரோவில், பாரிசில், சூரிச்சில் நம் ஊர்க் கலியாண வீட்டு ஆல்பங்கள் இருக்கின்றன, சாமத்திய வீட்டு ஆல்பங்கள் இருக்கின்றன. மாப்பிள்ளை பொம்பிளையை விடுங்கள், பின்னால் பாருங்கள். பழைய பள்ளிக்கூடத்து ஓட்டுக்கூரை தெரியும். கோயில் பழைய வாசல் தெரியும். பந்தலுக்குக் கட்டின சோடனை, சமைக்கிற கிடாரம், வண்டில் மாட்டின் சூட்டுக்குறி, எல்லாம் தெரியும். நான் இப்படி ஒரு படத்தைக் கேட்டு வாங்கினேன். மணமக்களுக்குப் பின்னால், இன்று இல்லாத நம் சனசமூக நிலையத்தின் முதல் கட்டடம். வாங்கில் இருந்து ஒருவர் பத்திரிகை வாசிக்கிறார். கலியாணத்தைத் திரும்பியும் பார்க்கவில்லை. அந்தப் படத்தைத்தான் இன்று வாசலில் பெரிதாக்கி மாட்டியிருக்கிறோம்.

இன்னொன்று, நாம் கல்வெட்டு என்று சொல்கிற நினைவு மலர். முப்பத்தோராம் நாள் கையில் தருவார்கள். முன்பக்கத்தில் படம், உள்ளே தேவாரம், அப்புறம் இறந்தவரின் வரலாறு. அதில் பிறந்த திகதி, பெற்றோர், சகோதரர், படித்த பள்ளி, செய்த தொழில் எல்லாம் இருக்கும். இருபது கல்வெட்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரு ஊரின் சரித்திரம் எழும்பி வரும். நாம் என்ன செய்கிறோம்? சாமி அறையில் கொஞ்ச நாள், பிறகு அலுமாரிக்கு மேலே, பிறகு கறையானுக்கு. 2005இல் தொடங்கிய நூலகம் என்ற இணையத் திட்டத்தில் இப்படிப்பட்ட மலர்களையும் வருடி, அதாவது ஸ்கேன் செய்து, ஏற்றி வைக்கிறார்கள். நம் ஊர்க் கல்வெட்டுகளையும் வருடி அனுப்பலாம். பெடியளிடம் போன் இருக்கிறது, காசு செலவில்லை.

செய்தியையும் மரபையும் பிரிக்காமல் நடத்துகிற ஓர் இடம் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில். வைகாசிப் பொங்கலுக்குப் பாக்குத்தெண்டல் என்ற சடங்கோடு வேலை தொடங்கும். பிறகு முல்லைத்தீவுக் கடலில் தீர்த்தம் எடுத்து, முள்ளியவளை காட்டா விநாயகர் கோயிலில் அந்த உப்புநீரில் விளக்கெரிப்பார்கள். இன்றைக்கு இது, அடுத்த திங்களுக்கு அது என்று நாள் குறித்து, ஊர் ஊராகத் தெரியவந்து, சனம் ஆயத்தமாகும். கமக்காரர் கூட்டத்துக்கு நாங்கள் நாள் மாறிப் போனோமே, முகநூல் இல்லாத காலத்திலும் அங்கே யாரும் அப்படி நாள் மாறிப் போனதில்லை.

நிர்வாகத்தில் இருப்பவர்களிடம் ஒரு வார்த்தை. மரபுரிமைத் திட்டம் என்றவுடன் உங்களுக்கு வரவேற்பு வளைவு ஞாபகம் வருகிறது. வளைவு வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் ஒரு வளைவுக் காசில் பத்து வருசத்துக்கு ஊர்க் குறிப்புப் புத்தகம் அச்சடிக்கலாம். பழைய கல்லுக்குப் பச்சை எனாமல் பூசாதீர்கள். கோயிலை இடித்துப் புதிதாகக் கட்டுவதென்றால் கட்டுங்கள், இடிக்க முதல் நாலு பக்கமும் படம் எடுங்கள். உழும்போது ஓட்டுத் துண்டோ செங்கல்லோ எழுந்துவந்தால் தோண்டிக்கொண்டு போகாதீர்கள். 1940ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் இருக்கிறது, வீண் சிக்கல் வரும். எழுந்த இடத்திலேயே வைத்து, பக்கத்தில் ஒரு பென்சிலை அளவுக்கு வைத்துப் படம் எடுத்து, எந்தக் காணி, எந்தத் திகதி என்று எழுதுங்கள். வேறு யாராவது வந்து கதை சொல்ல முன், முதல் குறிப்பு நம்முடையதாக இருக்கட்டும்.

எழுத வருகிற இளம் பிள்ளைகளுக்கு ஒன்று. குளக்கட்டுத் திருத்த எவ்வளவு காசு வந்தது என்று தேத்தண்ணிக் கடையில் சண்டை பிடிக்கிறோம். கடிதம் எழுதிக் கேட்கலாம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி நீங்கள் ஏன் கேட்கிறீர்கள் என்று யாருக்கும் சொல்லத் தேவையில்லை. தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் தகவல் அலுவலர் முடிவு சொல்ல வேண்டும். வருகிற பதிலை முகநூலில் போட்டுவிட்டு எறிந்துவிடாதீர்கள். நிலையத்துக் கோப்பில் போடுங்கள். இருபது வருசம் கழித்து இந்தக் குளத்தின் வரலாற்றை எழுதப் போகிறவன் உங்களைக் கும்பிடுவான்.

நேரமாகிவிட்டது, பிள்ளைகளின் நடனம் இருக்கிறது. வருகிற ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நாலு மணிக்குத் துருசடியில் நிற்பேன். கட்டு முழுக்க நடந்து கலிங்கு வரைக்கும் போய், ஒவ்வொரு இடத்தின் பெயரையும் கேட்டு எழுதப் போகிறோம். கொப்பி நான் கொண்டு வருகிறேன். சுமைதாங்கி வைத்தவரின் மகள், அந்த ஆச்சியும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். அவருக்கு முழங்கால் ஏலாது. முச்சக்கரவண்டி வைத்திருக்கிறவர்கள் யாராவது அவரை ஏற்றி வருவீர்களா? கை தூக்குங்கள், பெயரை இப்போதே எழுதிக்கொள்கிறேன்.