கிணற்றில் இறங்கிய உப்பும் பட்டாவில் இல்லாத பெயர்களும்

நேயர்களுக்கு வணக்கம்.

சொத்து என்றதும் நமக்குப் பத்திரம், பட்டா, சிட்டா, எல்லைக்கல் ஆகியவைதான் நினைவுக்கு வரும். பக்கத்து நிலத்துக்காரர் வரப்பை ஒரு முழம் தள்ளிப் போட்டால் பஞ்சாயத்து கூடும், சர்வேயர் வருவார், உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்கு தலைமுறை தாண்டியும் நடக்கும். ஆனால் கல்லை அசைக்காமல், வரப்பைத் தொடாமல், பத்திரத்தில் ஓர் எழுத்தைக்கூட மாற்றாமல் ஒரு குடும்பத்தின் நிலத்தை இல்லாமல் ஆக்கிவிட முடியும். பாலாற்றின் கரைகளில், வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை வட்டாரங்களில் தோல் ஆலைகளின் கழிவால் நடந்தது அதுதான். அதைச் சட்டம் எப்படிக் கணக்கிட்டது, அந்தக் கணக்கில் யார் விடுபட்டுப் போனார்கள் என்பதைப் பற்றித்தான் இன்று பேச விரும்புகிறேன்.

பாலாறு கர்நாடகத்தில் நந்தி மலைப் பகுதியில் பிறந்து, ஆந்திரத்தைக் கடந்து தமிழ்நாட்டுக்குள் வருகிறது. ஆண்டின் பெரும்பகுதி அதில் மணல்தான் கண்ணுக்குத் தெரியும். தண்ணீர் மணலுக்கு அடியில் இருக்கும். கரையோர உழவர்கள் இதை நன்றாக அறிந்தவர்கள். ஆற்றுப்படுகையில் ஊற்றுக்கால் வெட்டி வயலுக்கு நீர் கொண்டுபோனார்கள். கிணறு தோண்டி நெல்லும் கரும்பும் தென்னையும் வளர்த்தார்கள். நீரை வடிகட்டிச் சேமித்து வைத்த அந்த மணலே பிற்காலத்தில் கழிவையும் உள்ளே வாங்கிக்கொண்டது.

தோல் பதனிடுவது அங்கே பழைய தொழில். ஒரு காலத்தில் ஆவாரம் பட்டை போன்ற மரப்பட்டைகளைக் கொண்டு தோலைப் பதப்படுத்தினார்கள். 1970களில், பாதி பதனிட்ட தோலை அப்படியே ஏற்றுமதி செய்வதை மத்திய அரசு கட்டுப்படுத்தியது. முழுமையாகப் பதனிட்ட தோலும் தோல் பொருட்களும் விற்றால் அந்நியச் செலாவணி கூடும் என்பது நோக்கம். அதன் பிறகு குரோமியம் கொண்டு பதனிடும் முறை வேகமாகப் பரவியது. இந்த முறையில் சுமார் 170 வகை ரசாயனங்கள் பயன்படுகின்றன என்றும், ஒரு கிலோ தோலுக்கு ஏறத்தாழ 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்றும் 1996ஆம் ஆண்டின் உச்ச நீதிமன்றத் தீர்ப்பே பதிவு செய்திருக்கிறது. பச்சைத் தோல் அழுகாமல் இருக்கத் தடவிவரும் உப்பு வேறு. சுத்திகரிப்பில் குரோமியத்தைப் பெருமளவு பிரித்துவிடலாம். கரைந்த உப்பை அத்தனை எளிதில் பிரிக்க முடியாது. கிணற்று நீரைக் கெடுத்ததில் பெரும்பங்கு இந்த உப்புக்கு உண்டு. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ஆய்வு ஒன்றை அந்தத் தீர்ப்பு எடுத்துக்காட்டுகிறது: தோல் ஆலைப் பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுமையாகவோ சாகுபடிக்கு லாயக்கற்றதாகிவிட்டது.

இப்போது ஓர் உழவரின் நிலையை எண்ணிப் பாருங்கள். நிலம் அவர் பெயரில்தான் இருக்கிறது. வில்லங்கச் சான்று எடுத்துப் பார்த்தால் எந்த வில்லங்கமும் இல்லை. அடமானமும் இல்லை, வழக்கும் இல்லை. நிலத்தடியில் ஊறியிருக்கும் உப்பு எந்தச் சார்பதிவாளர் அலுவலகத்திலும் பதிவாவதில்லை. விதைத்தால் முளைக்காது, விற்கப் போனால் விலை கிடைக்காது. 1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டப்படி, தன் நிலத்துக்கு அடியில் உள்ள நீரை எடுத்துக்கொள்ளும் உரிமை நில உடைமையாளருக்கு உண்டு. எடுத்த நீர் உப்பாக இருந்தால் அந்த உரிமையால் அவருக்கு என்ன பயன்?

1991இல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல மனு தாக்கல் செய்தது. 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்பளித்தது. இந்தியச் சுற்றுச்சூழல் சட்டத்தைப் படிக்கும் எவரும் இந்தத் தீர்ப்பைத் தாண்டிப் போக முடியாது. கேடு வருமா என்பதில் அறிவியல் உறுதி கிடைக்கும்வரை காத்திருக்காமல் முன்கூட்டியே தடுக்க வேண்டும் என்றும், தன் செயல் சூழலுக்குத் தீங்கில்லாதது என்று நிரூபிக்கும் பொறுப்பு தொழில் நடத்துபவருடையது என்றும் அது சொன்னது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாட்டையும் இந்நாட்டின் சட்டமாக ஏற்றது. ஐந்து மாவட்டங்களின் ஆலைகளுக்குத் தலா 10,000 ரூபாய் அபராதம் விதித்தது.

மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற அந்தக் கோட்பாட்டில் இரண்டு கடன்கள் இருப்பதைத் தீர்ப்பு தெளிவாகவே சொல்லியிருக்கிறது. பாதிக்கப்பட்ட மனிதர்களுக்கு இழப்பீடு தருவது முதல் கடன். கெட்டுப்போன சூழலைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் செலவு இரண்டாவது கடன். முதலாவதைக் கொடுத்துவிட்டதால் இரண்டாவது தீர்ந்துவிடாது. நடைமுறையில் என்ன நடந்தது?

இழப்பைக் கணக்கிட ஓர் ஆணையம் அமைந்தது. 2001இல் அது தன் முடிவை அறிவித்தது. 29,000க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டிருக்கிறார்கள் என்றும், 1991 ஆகஸ்ட் முதல் 1998 டிசம்பர் வரையிலான காலத்துக்கு அவர்களுக்குச் சுமார் 27 கோடி ரூபாய் தர வேண்டும் என்றும் சொன்னது. கோடி என்று கேட்கும்போது பெரிதாகத்தான் இருக்கிறது. பகிர்ந்து பாருங்கள். சராசரியாக ஒருவருக்கு 9,000 ரூபாய் சொச்சம். ஏழாண்டுக்கும் மேற்பட்ட காலம் என்பதால், மாதத்துக்கு நூறு ரூபாய் அளவில் வருகிறது. ஒரு கிணற்றின் விலையாக நான் இதை ஏற்க மாட்டேன். இந்தச் சிறு தொகைக்கும் பலர் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள்.

தொகை சிறிதாயிருந்தது ஒரு குறை. அதைவிட ஆழமான குறை, இழப்பை எங்கிருந்து எண்ணத் தொடங்குகிறோம் என்பதில் இருக்கிறது. அந்தக் கணக்கு பெரும்பாலும் விளைநிலத்தின் சேதத்தை ஒட்டியே போடப்பட்டது. அதே நிலத்தில் நாற்று நட்டவர்களுக்கும், களை பறித்தவர்களுக்கும், கரும்பு வெட்டியவர்களுக்கும் அங்கே சொத்து எதுவும் கிடையாது. அவர்களில் பலர் தலித் குடும்பத்தினர், அதிலும் பெண்கள். வயல் தரிசானதும் அவர்களுடைய கூலியும் போயிற்று. குடிக்கப் பயன்படுத்திய ஊர்க் கிணறும் கெட்டது. நிலத்தின் பெயரால் இழப்பைக் கணக்கிட்டால், அதிகம் இழந்தவர்கள் முதலில் விடுபட்டுப் போவார்கள். சுற்றுச்சூழல் நீதி என்று நான் சொல்வது இவர்களையும் கணக்கில் சேர்ப்பதைத்தான்.

வயலில் வேலை இழந்தவர்கள் எங்கே போனார்கள்? பலர் அந்தத் தோல் ஆலைகளுக்கும் காலணித் தொழிற்சாலைகளுக்குமே போனார்கள். எனவே ஆலைகளை இழுத்து மூடினால் போதும் என்று பேசுவோருடன் எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் வேலை தருகிறோம் என்ற ஒரே காரணத்தைக் காட்டி நச்சை மண்ணில் விடலாம் என்பதையும் ஏற்க முடியாது. 2015 ஜனவரி இறுதியில் ராணிப்பேட்டையில் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையமொன்றின் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்து, பக்கத்து ஆலையில் தூங்கிக்கொண்டிருந்த பத்துத் தொழிலாளர்கள் இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து வேலை தேடி வந்தவர்கள். ஊருக்குள் நிலமும் இல்லை, ஓட்டும் இல்லை. தோலின் பளபளப்பு கப்பலேறிப் போய்விடுகிறது. சேறு இவர்கள் தலைமேல் விழுகிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அதே ராணிப்பேட்டையில் தமிழ்நாடு குரோமேட்ஸ் என்ற ஆலை 1990களில் மூடப்பட்டது. அது விட்டுப்போன குரோமியக் கழிவு ஒன்றரை லட்சம் டன்னுக்கும் மேல். மழை பெய்யும்போதெல்லாம் அதிலிருந்து நஞ்சு கசிந்தது. ஆலை மறைந்தபின் யாரிடம் போய் வசூலிப்பது? தொழில் தொடங்கும்போதே சீரமைப்புக்கான வைப்புத் தொகையை வாங்கி வைத்திருக்க வேண்டும் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் இந்த வழக்கை மீண்டும் கையில் எடுத்துப் பேசியது. நிலுவையில் உள்ள இழப்பீட்டை அரசு முதலில் கொடுத்துவிட்டு ஆலைகளிடம் வசூலிக்க வேண்டும் என்றது. ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு அமைக்கச் சொன்னது. சூழல் சீராகும்வரை மாசுபடுத்தியவரின் பொறுப்பு தொடர்கிறது என்பதையும் உறுதிப்படுத்தியது. இரண்டாவது கடனை நீதிமன்றம் மறக்கவில்லை என்பதில் எனக்கு மகிழ்ச்சி. ஆனால் முதல் தீர்ப்புக்கும் இதற்கும் இடையே ஒரு தலைமுறை வளர்ந்துவிட்டது.

பட்டா இல்லாதவர்களுக்குச் சட்டத்தில் வழியே இல்லையா? இருக்கிறது. சுற்றுச்சூழல் வழக்குகளுக்கென்றே அமைந்த தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் 2010ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பாருங்கள். அதன் 15ஆவது பிரிவு பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு, சேதமடைந்த சொத்தைச் சீராக்குதல், சூழலைச் சீராக்குதல் ஆகிய மூன்றையும் தனித்தனியே சொல்கிறது. எந்தெந்த இழப்புக்குக் கேட்கலாம் என்ற அட்டவணையில் நோய், மருத்துவச் செலவு ஆகியவற்றோடு வேலை இழப்பும் இடம்பெற்றிருக்கிறது. அதாவது, ஒரு சென்ட் நிலமும் இல்லாத கூலித் தொழிலாளியும் அங்கே மனு செய்யலாம். தென் மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது. ஒரு நிபந்தனையை மறக்கக் கூடாது: கேடு முதலில் நேர்ந்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குள் மனு போட வேண்டும்.

சிக்கல் சான்றில்தான் வருகிறது. நிலக்காரரிடம் அடங்கல் இருக்கும், என்ன பயிர் வைத்தார் என்று அதில் எழுதியிருக்கும். கூலி வேலை செய்தவரிடம் ஒரு துண்டுச் சீட்டும் இருக்காது. ஆகவே அந்த வட்டாரத்து நேயர்களிடம் ஒரு வேண்டுகோள். கிணற்று நீரைச் சோதித்தால் முடிவைத் தேதியோடு பத்திரப்படுத்துங்கள். கிராம சபை கூடும்போது, எந்த வயல்கள் எந்த ஆண்டிலிருந்து தரிசாகக் கிடக்கின்றன, அங்கே யார் யார் வேலை செய்தார்கள், குடிநீருக்கு இப்போது எங்கே போகிறார்கள் என்பதைத் தீர்மானமாகப் பெயர்களோடு எழுதி வையுங்கள். அதன் நகல் ஒன்று கூலி வேலை செய்யும் குடும்பங்களின் கையிலும் இருக்கட்டும்.

நன்றி. வணக்கம்.