தனிப்பானையில் ஒரு பிடி

(கோவையில் குறுந்தொழில் செய்வோர் கூடிய ஒரு கூட்டத்தில் பேசியது)

எல்லாருக்கும் வணக்கமுங்க.

அவினாசி ரோட்டில் வரும்போதெல்லாம் பி.எஸ்.ஜி. குடும்பத்து அறக்கட்டளை நடத்தும் கல்லூரிக் கட்டடங்களைத் தாண்டித்தான் வருகிறோம். 1926-ல் அந்தக் குடும்பத்து அண்ணன் தம்பி நாலு பேர் சொத்தை அஞ்சாகப் பிரித்து, அஞ்சாவது பங்கை அறத்துக்கு எழுதி வைத்தார்கள். நம்ம ஊரில் தர்மம் என்றதும் இந்தக் கதைதான் வரும். கேட்கப் பெருமைதான். ஆனால் 38 பேர் வேலை செய்கிற என் பட்டறையில், முதல் பங்கே பேங்க்காரர் கையில் இருக்கிறது!

சட்டமும் நம்மைக் கேட்பதில்லை. 2013 கம்பெனிச் சட்டம் 135-வது பிரிவில் சொல்லும், லாபத்தில் 2 சதவீதம் சமூகப் பணிக்குச் செய்யவேண்டிய செலவு, நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி, இதில் ஏதாவது ஒன்றைத் தொட்டவர்களுக்குத்தான். நம்மில் எத்தனை பேர் தொட்டிருக்கிறோம்?

விருதுநகரில் சத்திரிய வித்தியாசாலை என்று ஒரு பள்ளி. பிடியரிசிப் பள்ளி என்பார்கள். உலை வைக்கும்போது வீட்டுக்கு ஒரு பிடி அரிசி தனியாக எடுத்து வைத்து, அதைக்கொண்டு நடத்தினார்கள். கடைக்காரர்கள் வியாபாரத்தில் ஒரு சிறு பங்கைப் பொதுக்காரியத்துக்கு என்று எடுத்து வைத்தார்கள், அதற்கு மகமை என்று பேர். காமராஜர் அங்கே படித்தவர். எனக்கு அதில் பிடித்தது அளவு. ஒரு பிடி எடுத்தால் வீட்டில் யாருக்கும் சோறு குறையாது.

இது புத்தியில் ஏறும் முன்னால் நான் அடித்த கூத்தையும் சொல்லிவிடுகிறேன். பக்கத்து அரசுப் பள்ளிக்கு, கம்பெனி பெயர் அச்சடித்த ஸ்கூல் பேக் 120 கொண்டுபோய்க் கொடுத்தோம். போட்டோ, டீ, வடை எல்லாம் ஆச்சு. கிளம்பும்போது தலைமையாசிரியர் மெதுவாகச் சொன்னார்: "சார், பையெல்லாம் அரசாங்கமே விலையில்லாமக் கொடுத்துருதுங்க. மேல் தொட்டிக்குத்தான் 11 நாளாத் தண்ணி ஏறலை."

பம்பு உதிரிபாகம் செய்கிறவன் நான். எனக்கு எப்படி இருந்திருக்கும்?

மறுநாள் எங்கள் ஃபிட்டர் போனார். மோட்டார் 'உம்' என்று உறுமுகிறது, சுற்றவில்லை. மெயினை அணைத்துவிட்டு, ஸ்க்ரூடிரைவரால் பின்னாடி ஃபேனைச் சுற்றிப் பார்த்தார், லேசாகச் சுற்றியது. ஜாம் இல்லை. மோட்டாரைக் கிளப்பிவிடுகிற கெபாசிட்டரைக் கழற்றினால் வயிறு உப்பியிருக்கிறது. அதை மாற்றினார், தண்ணீர் உறிஞ்சும் குழாயின் அடியில் இருக்கிற ஃபுட் வால்வில் சிக்கியிருந்த சாக்குத் துணியை எடுத்தார். ஒரு மணி நேரம். செலவு, பேக் விழாவுக்கு வாங்கின வடைக்காசுகூட ஆகவில்லை.

அன்றைக்கு ஆரம்பித்ததுதான். தலைமையாசிரியர் மேசையில் ஒரு நோட்டு இருக்கும். எது கெட்டாலும் அதில் எழுதுவார். மாதம் ஒரு சனிக்கிழமை எங்கள் ஆட்கள் இரண்டு பேர் போவார்கள். சம்பள நாளாகவே போடுகிறேன். லீவு நாளில் ஆளைக் கூப்பிட்டு அதற்கு சேவை என்று பேர் வைப்பது எனக்கு ஒப்பவில்லை. பெரிய கம்பெனிகள் அந்த 2 சதவீதத்தில் ஊழியர் நேரத்தைக் காசாக்கிக் காட்ட முடியாது. நமக்கு அந்தக் கணக்கே கிடையாது, அது ஒரு சௌகரியம்.

பணத்துக்கு எங்கள் மகமை, பில்லுக்குப் பத்து ரூபாய். மாதம் 300 பில் போனால் மூவாயிரம். தனிக் கணக்கு. அதைப் பார்ப்பது நான் இல்லை, ஸ்டோர்ஸில் இருக்கிற அக்கா. நான் பார்த்தால் ஆர்டர் குறைந்த மாதம் கை அதில் போய்விடும், என்னை எனக்குத் தெரியும்.

இரண்டாவது பள்ளியிலிருந்தும் கேட்டார்கள். முடியாது என்றேன். பத்து இடத்தில் தலையைக் காட்டிவிட்டு ஒன்றுக்கும் திரும்பிப் போகாததைவிட, ஒரு இடத்தில் மூன்று வருஷம் இருந்தால்தான் அந்த நோட்டில் தைரியமாக எழுதுவார்கள். பள்ளி மேலாண்மைக் குழுவிடம் சொல்லிவிட்டுத்தான் எதிலும் கை வைக்கிறோம். பிள்ளைகளைப் போட்டோ எடுப்பதை அடியோடு விட்டாச்சு.

இந்த மாத நோட்டில் இருப்பது: ஏழாம் வகுப்பில் பெஞ்ச் இரண்டு, கால் விட்டுப்போய் ஆடுகிறது. என்னிடம் வெல்டர் இல்லீங்க. இங்கே வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறவர் யாராவது இருந்தால், சாப்பாட்டுக்குப் போகும் முன்னால் என்னைப் பார்த்துவிட்டுப் போங்க.