மொர்கோன்: 12லேர்ந்து 15 யூரோ, அதுக்கு மேல வேண்டாம்

வணக்கம் மக்களே. பாட்டிலைப் பாருங்க. ஆமா, நான் வருஷா வருஷம் திட்டுற அதே போஜோலே பக்கம்தான், ஃப்ரான்ஸ்ல இருக்குற வைன் ஏரியா. நவம்பர் மூணாவது வியாழக்கிழமை வர்ற நூவோ, அதாவது அந்த வருஷத்துப் புது வைன், அந்த வாழைப்பழ எசென்ஸ், எனக்கு இன்னைக்கும் ஆகாது. இது மொர்கோன், அங்கேயே ஒரு ஊர்ப் பேர்ல வர்ற ரெட் வைன். இது வேற லெவல்.

கடுப்பு என்னன்னா, முன் லேபிள்ல போஜோலேன்னு பெரும்பாலும் போடவே மாட்டாங்க. மொர்கோன், ஃப்ளூரி, மூலான் ஆ வான், ப்ரூயின்னு மொத்தம் பத்து க்ரு, அதாவது சொந்தப் பேர்லயே வைன் விக்கிற இடங்க. அந்தப் பேரை மட்டும் போட்டு விட்டுடுவாங்க. தெரியாதவங்க ஷெல்ஃப்ல தாண்டிப் போயிடுவாங்க.

திராட்சை ரகம் கமே. கொத்தைப் பிரிக்காம முழுசாத் தொட்டியில போடுவாங்க. கரியமில வாயு நிறைஞ்சு, பழத்துக்குள்ளயே நொதிக்க ஆரம்பிக்கும். அதனால துவர்ப்பு கம்மி, பழ வாசனை தூக்கல்.

இப்போ காசு. ஃப்ரான்ஸ்ல 5 யூரோ பாட்டில்ல 83 சென்ட் வாட் வரி. மது வரி வெறும் 3 சென்ட், அதை விடுங்க. கண்ணாடி, கார்க், அட்டைப்பெட்டி, வண்டிச் செலவு, கடைக்காரர் லாபம் எல்லாம் போனா வைனுக்குன்னு என்ன மிஞ்சும்? 12 யூரோன்னா வாட் 2 யூரோ. கண்ணாடிக்கும் கார்க்குக்கும் அதே செலவுதான். அப்போ கூடக் குடுக்குற காசுல நல்ல பங்கு திராட்சைக்குப் போகுது. 25 தாண்டினா மொர்கோன்லயே பேர் போன கோத் து பீ மலைச்சரிவு, பெரிய தயாரிப்பாளர் பேர், வருஷக்கணக்கா வச்சுக் குடிக்கிற சரக்கு. இன்னைக்கு ராத்திரியே திறக்கப் போறவங்களுக்கு அது தண்டம். தங்க மெடல் ஸ்டிக்கரைப் பார்த்து ஒரு யூரோகூட ஏத்திக் குடுக்காதீங்க.

அட, ஒண்ணு விட்டுட்டேன். கார்க்குக்கு மேல போர்த்துற தகடு மூடி உச்சியில மரியான் முகம், அதான் ஃப்ரெஞ்சு அரசோட பெண் சின்னம், இருந்தா பக்கத்துல எழுத்து பாருங்க. 'ஆர்'னா திராட்சை விளைவிச்சவரே பாட்டில்ல அடைச்சது. 'என்'னா வியாபாரி அடைச்சது. 2019லேர்ந்து அந்த முத்திரை மூடி கட்டாயம் இல்ல. இதுல பாருங்க, மூடியே இல்ல, மெழுகு!

இந்த மெழுகு இருக்கே! யார் கேட்டா இதை? கத்தியால சுரண்டாதீங்க, தூள் தூளா மேஜை பூரா கொட்டும். கார்க் ஸ்க்ரூவை மெழுகு மேலயே நடுவுல குத்தி நேரா இறக்குங்க. பாதி கார்க் மேல வந்ததும் நிறுத்துங்க. இதோ, விளிம்புல செதில் செதிலா நிக்குது பாருங்க. ஈரத்துணியால சுத்தித் துடைச்சு, அப்புறம் மிச்சத்தை இழுங்க. துடைக்காம இழுத்தா அத்தனையும் உள்ள விழும். கெட்டி மெழுகுன்னா முதல்ல வெந்நீர்ல நனைச்ச துணியைச் சுத்தி வைங்க, இளகும்.

சூடு முக்கியம். 14 டிகிரி. ரெட் வைனை ரூம் சூட்டுல ஊத்துறது இதுக்குச் செல்லாது, 22 டிகிரியில சாராய நெடிதான் முன்னால வரும். பாதி ஐஸ் பாதி தண்ணி, பத்து நிமிஷம் போதும்.

நம்ம மிளகுக் கோழிக்கு இதான் சரி. துவர்ப்பு தூக்கலான போர்தோ ரெட் வைனைக் காரத்தோட குடிச்சா நாக்கு இன்னும் எரியும். மிச்சம் இருந்தா கார்க்கைத் திருப்பிச் செருகி ஃப்ரிட்ஜ்ல நிக்க வைங்க, ரெண்டு மூணு நாள் தாங்கும். சரி, ஊத்துறேன், கலரைப் பாருங்க.