கல்லுக்குள் மூச்சுவிட்ட தேள்

(காட்சி: கன்னியா வெந்நீர்க் கிணறுகள், காலை நேரம்)

வணக்கம். திருகோணமலை கன்னியாவில் நிற்கிறோம். ஆழத்தில் சூடான நீர் இந்தக் கிணறுகளில் ஊறி வருகிறது. ஸ்கொட்லாந்தின் ஈஸ்ட் கேர்க்டனில் 33 கோடி ஆண்டுகளுக்கு முன் ஓர் ஏரி இருந்தது. சுற்றிலும் எரிமலைகள். அங்கேயும் வெந்நீரூற்றுகள் இருந்திருக்கலாம் என்பது நிலவியலாளர்களின் கருத்து. அந்த ஏரியின் சுண்ணாம்புக் கல்லில்தான் இன்று நாம் பார்க்கப்போகும் தேள் புதைபடிவமாகக் கிடந்தது.

(படம்: பல்மோனோஸ்கோர்ப்பியஸ்)

புதைபடிவம் தேடுபவரான ஸ்டான் வூட் 1984இல் அந்தக் கல்லை வெட்டியெடுத்த குவாரியின் அருமையைக் கண்டுகொண்டார். 1994இல் ஆய்வாளர் அன்ட்ரூ ஜெரம் இந்தத் தேளுக்குப் பல்மோனோஸ்கோர்ப்பியஸ் என்று பெயர் சூட்டினார். பெரியது 70 சென்ரிமீற்றர் வரை வளர்ந்திருக்கும் என்கிறார்கள். உடைந்த துண்டுகளை வைத்துப் போட்ட கணக்கு அது. எல்லோரும் வியப்பது இந்த நீளத்தைத்தான். எனக்கோ அதைவிடப் பெரிய அதிசயம் அதன் வயிற்றுப்பக்கத்தில் இருக்கிறது.

(வரைபடம்: புத்தக நுரையீரல்)

அங்கே புத்தக நுரையீரலின் தடயம் அப்படியே பதிந்திருக்கிறது! தாள் தாளாக அடுக்கிய மெல்லிய மடிப்புகள், இடையிடையே காற்று. நம் வீட்டு மூலையில் ஒளியும் தேளும் இன்றுவரை இப்படித்தான் மூச்சுவிடுகிறது. ஆக, இந்தப் பழைய தேள் தண்ணீருக்குள் வாழ்ந்த பிராணி அல்ல, தரையில் நடமாடிய வேட்டைக்காரன். அந்த முடிவை ஊகித்துச் சொல்ல வேண்டியதில்லை, உறுப்பே சாட்சி.

கண்களும் பேசுகின்றன. இன்றைய தேளின் பக்கக் கண்கள் மிகச் சிறியவை, அது இரவில்தான் இரை தேடும். இதற்கோ பெரிய கண்கள். பகல் வெளிச்சத்திலும் வேட்டையாடியிருக்கலாம்.

(காட்சி: கோணேசர் மலைப் பாறை)

இவ்வளவு மெல்லிய உறுப்பு எப்படித் தப்பியது? தேளின் மேலோடு இலகுவில் அழியாது, நுரையீரல் மடிப்புகளின் மேற்பரப்பும் அதே பொருளால் ஆனதுதான். அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தில் கிடைத்த 31 கோடி ஆண்டுப் பழைய தேள் ஓட்டில், மேலோட்டை உருவாக்கும் கைட்டின் என்ற பொருள், புரதம் ஆகியவற்றின் எச்சத்தை 2011இல் கண்டறிந்தார்கள்.

கோணேசர் மலையில் தேடிப் பார்க்கலாமா? பலன் இராது. தரையில் தேள்கள் நடமாடுவதற்கு வெகுகாலம் முன்பே, பூமிக்கடியில் வெந்து உருமாறிய பாறை இது.

ஆனால் உயிருள்ள தேளைப் பார்க்கலாம். இரவில் புறஊதா டோர்ச் அடித்தால் அதே மேலோடு பச்சை நீலமாக ஒளிரும். சப்பாத்துப் போட்டுக்கொள்ளுங்கள், தள்ளி நின்று பாருங்கள். கொட்டிவிட்டால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.