அரேயைப் பெரிதாக்கினால் போதுமா, அண்ணாச்சி?

பாளையங்கோட்டையிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். சி மொழியில் ஊர்ப் பட்டியலை வரி வரியாகப் படித்துப் பிரிக்கும் பார்சர் ஒன்று எழுதியிருக்கிறார். வரியில் முதலில் பின்கோடு, காமா, அப்புறம் ஊர்ப் பெயர், திரும்பவும் ஒரு காமா. ஆங்கிலப் பெயர்கள் சரியாக வருகின்றன, தமிழில் கொடுத்தால் 627001 என்ற பின்கோடு வேறு ஏதோ எண்ணாக மாறிவிடுகிறது. "பெயரை வைக்கும் அரேயை, அதாவது நினைவகத்தில் ஒதுக்கிய வரிசை இடத்தை, 32 பைட்டிலிருந்து 64 ஆக்கினேன், சரியாகிவிட்டது, இது போதுமா அண்ணாச்சி?"

போதாது தங்கச்சி. ரொம்ப நல்ல கேள்வி, இரண்டு நாளாக மனசில் ஓடிக்கொண்டே இருந்தது.

எழுத்துகளை பைட்டுகளாகச் சேமிக்கும் முறையான யூடிஎஃப்-8 பற்றி முன்பே பேசியிருக்கிறோம். திருநெல்வேலி நம் கண்ணுக்கு 6 எழுத்து. கொம்பு, விசிறி, புள்ளி எல்லாம் தனித்தனிக் குறியீடு என்பதால் 12 குறியீடு, ஒவ்வொன்றும் 3 பைட், ஆக 36. ஆங்கிலத்தில் எழுதினால் வெறும் 11. அரே 32 தானே, மிச்ச 4 பைட்டும், பெயரையும் பின்கோடையும் சேர்த்து வைத்திருக்கிற ஸ்ட்ரக்டில் அடுத்து இருக்கிற பின்கோடு மேல் ஏறி உட்கார்ந்துவிடுகிறது, பெயர் முடிந்தது என்று காட்ட முடிவில் வைக்கிற நல் பைட் (மதிப்பு 0) அதையும் தாண்டிப் போய் விழுகிறது.

64 ஆக்கியதும் கல்லிடைக்குறிச்சிகூட 51 பைட்டில் அடங்கிவிடும். ஆனால் பெயரை ஒவ்வொரு பைட்டாக அரேயில் எழுதுகிற உங்கள் வொயில் லூப் "காமா வந்துவிட்டதா" என்று மட்டும்தான் கேட்கிறது. ஒரு வரியில் யாரோ காமா போட மறந்துவிட்டால்? அடுத்த வரியையும் சேர்த்து விழுங்கிக்கொண்டே போகும். நான் எப்போதும் சொல்கிறதுதான், எழுதுவதற்கு முன்னால் இடம் இருக்கிறதா என்று கேளுங்கள். 1988-இல் மோரிஸ் வார்ம் என்ற, இணையத்தில் தானாகப் பரவிய நிரல், பயனர் விவரம் சொல்லும் ஃபிங்கர் சர்வருக்குள் புகுந்ததும் இந்த ஓட்டை வழியாகத்தான்: ஒரு வரியை உள்ளீடாக வாங்கும் சி மொழியின் கெட்ஸ் ஃபங்ஷன் அளவே கேட்காமல் வாங்கி 512 பைட் பஃபரில், அதாவது தற்காலிக அரேயில், கொட்டியது. 2011 சி தரத்தில் அதைத் தூக்கியே விட்டார்கள்.

ஆகவே லூப்பில் காமா, வரி முடிவு, உரை முடிவு மூன்றையும் பாருங்கள், கூடவே "ஐ கூட்டல் 1, அரே அளவைவிடக் குறைவா" என்றும் பாருங்கள்; ஐ என்பது அரேயில் அடுத்து எழுதப்போகும் இடத்தின் எண், 0-வில் தொடங்கும். அந்த 1 நல் பைட்டுக்கான இடம், அதை விட்டுவிடாதீர்கள்.

நீங்கள் கேட்டிருக்க வேண்டியது இன்னொன்று: இடம் போதாவிட்டால் என்ன செய்வது? பலரும் பேசாமல் வெட்டிவிடுகிறார்கள். 3 பைட்டுக்கு நடுவில் வெட்டு விழுந்தால் கடைசி எழுத்து கட்டமாகத் தெரியும். வெட்டுகிற இடத்தில் இருக்கும் பைட்டின் மதிப்பு 128 முதல் 191 வரை என்றால் அது நடுத்துண்டு, எழுத்து தொடங்கும் பைட் வரை பின்னால் வந்து அங்கே வெட்டலாம். ஆனால் ஊர்ப் பெயரை வெட்டவே கூடாது என்பேன். வரி எண்ணைச் சொல்லிப் பிழை என்று நிறுத்துங்கள், பட்டியலைத் தட்டியவர் திருத்திக்கொள்ளட்டும்.

அரேயைத் தாண்டி எழுதினால் பிடித்துச் சொல்லும் கம்பைலர் வசதியான அட்ரஸ் சானிடைசரைப் போட்டுத் திரும்ப கம்பைல் செய்து, காமா இல்லாத ஒரு நீள வரியைக் கொடுத்து ஓட்டிப் பாருங்கள். நிரலின் எந்த வரியில் நிற்கிறது என்று கீழே எழுதுங்கள்.