ஒரே போத்தலில் இரண்டு மருந்து

மட்டக்களப்பு, அம்பாறை நேயர்களுக்கு வணக்கம்.

இரண்டு அன்ரிபயோட்டிக் சேர்ந்தால் பலம் இரட்டிப்பாகும் என்று பலர் நம்புகிறார்கள். எந்த இடத்தில் சேர்கின்றன என்பதையும் பார்க்க வேண்டும். பென்சிலினையும் ஜென்டாமைசினையும் எடுத்துக்கொள்வோம். இதயத்தின் உட்சுவரில் வரும் சில தொற்றுகளுக்கு வைத்தியர்கள் இரண்டையும் தெரிந்தேதான் கொடுக்கிறார்கள். பென்சிலின் கிருமியின் சுவரைப் பலவீனமாக்க, அந்த வழியால் ஜென்டாமைசின் உள்ளே போகும். அருமையான கூட்டு.

ஆனால் இதே இரண்டையும் ஒரே சேலைன் போத்தலில் கலந்து வைத்தால் கதை வேறு. பென்சிலின் மூலக்கூறில் நான்கு அணுக்களாலான ஒரு வளையம், நாணேற்றிய வில் போல இழுபட்டு நிற்கிறது. ஜென்டாமைசினில் நைதரசன் உள்ள பகுதியான அமைன் கூட்டம் அதைத் தாக்கியதும் வளையம் திறந்து, இரண்டு மூலக்கூறுகளும் பிணைந்துவிடும். அப்புறம் இரண்டிலுமே கிருமியைக் கொல்லும் வலு இல்லை. பெரும்பாலும் நிறம்கூட மாறாது. அதுதான் எனக்குப் பெரிய கவலை. பென்சிலின் வகையைச் சேர்ந்த கார்பெனிசிலின் ஜென்டாமைசினை இப்படிச் செயலிழக்கச் செய்வதை 1971 இலேயே எழுதிவைத்துவிட்டார்கள். ஜென்டாமைசினின் குடும்பத்து மருந்துகளில் டோப்ராமைசின் இதில் இன்னும் கெதியாகக் கெடும், அமிகாசின் ஓரளவு தாக்குப்பிடிக்கும்.

ஆய்வுகூடத்தில் வேலை செய்யும் பிள்ளைகள் இதைக் கவனமாகக் கேளுங்கள். இரண்டு மருந்தும் பெறும் நோயாளியின் இரத்தத்தை எடுத்து மேசையில் விட்டுவிட்டால், குழாய்க்குள்ளேயே இந்தத் தாக்கம் தொடரும். பிந்திச் சோதித்தால் ஜென்டாமைசின் அளவு உண்மையைவிடக் குறைவாக வரும். அந்த இலக்கத்தை நம்பி வைத்தியர் மருந்தைக் கூட்டினால் அடிபடுவது நோயாளியின் சிறுநீரகமும் காதும். உடனே சோதியுங்கள், முடியாவிட்டால் சீரத்தைப் பிரித்து உறையவையுங்கள். சிறுநீரகம் பழுதான நோயாளியின் உடம்புக்குள்ளேயே மருந்துகள் நெடுநேரம் தங்கி இப்படித் தாக்கமடையலாம்.

வயல்காரர்களுக்கும் ஒரு விசயம். எலிக்காய்ச்சல் வராமலிருக்கச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் தரும் டொக்சிசைக்கிளின் குளிசையைத் தயிரோடு எடுக்காதீர்கள். தயிரிலுள்ள கல்சியம் மருந்தைப் பிடித்துக்கொள்ளும். ஒரு பங்கு இரத்தத்தில் சேராமலே வெளியேறும். இரும்புச்சத்துக் குளிசையோடு எடுத்தால் இழப்பு இன்னும் கூட. நிறையத் தண்ணீரோடு விழுங்குங்கள். விழுங்கின கையோடு படுக்கவும் வேண்டாம், தொண்டைக்குழாயைப் புண்ணாக்கிவிடும்.