இந்து நகர் கேட் முன்னால் ஒரு காலேஜ் பேச்சு

வணக்கம் மக்களே. இங்கே காற்று அதிகம், மைக்கில் இரைந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஊட்டி இந்து நகரில் நிற்கிறேன். பின்னால் தெரிவது பழைய ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ், கேமரா பிலிம் செய்த அரசு கம்பெனி. பிளஸ் டூ முடித்த ஒரு தங்கை கேட்டிருந்தாள்: "அக்கா, அறிவியல், தொழில்நுட்பம், சமூகம் மூன்றையும் சேர்த்து எஸ்.டி.எஸ். என்று ஒரு படிப்பு இருக்கிறதாமே, எந்தக் காலேஜில் சேரலாம்?"

பதிலை இந்த கேட்டிலிருந்தே ஆரம்பிக்கிறேன். என் பெரியப்பாவுக்கு இங்கேதான் வேலை. பிலிம் மேல் வெள்ளி உப்பு கலந்த ஜெலட்டின் பூசுகிற இடம், வெளிச்சம் பட்டால் பிலிம் கெட்டுவிடும் என்று, கும்மிருட்டு. எதிரே வருகிறவர் மேல் மோதாமலிருக்கக் கனைத்துக்கொண்டே நடப்பாராம். இன்றைக்கும் வீட்டில் கரண்ட் போனால் அவருக்குத் தானாகக் கனைப்பு வந்துவிடும்.

கம்பெனி ஏன் மூடியது என்று யாரைக் கேட்டாலும் "டிஜிட்டல் கேமரா வந்தது, போச்சு" என்பார்கள். ஆனால் 1996-லேயே இது நலிவுற்ற நிறுவனம் என்று அறிவிக்கப்பட்டுவிட்டது. அப்போது ஊட்டியில் எத்தனை பேர் கையில் டிஜிட்டல் கேமரா இருந்தது? இறக்குமதி வரியைக் குறைத்தது, பாலியெஸ்டர் பிலிம் ஆலைக்கு வாங்கிய கடன் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அப்படிப் பார்க்கப் பழக்குவதுதான் இந்தப் படிப்பு. கெமிஸ்ட்ரியும் தெரிய வேண்டும், கடன் கணக்கும் தெரிய வேண்டும், பெரியப்பாவின் கனைப்பும் காதில் விழ வேண்டும்.

சரி, காலேஜுக்கு வருகிறேன். நம் நாட்டில் இளநிலைப் பட்டமாகவே இதைத் தருகிற இடம் அபூர்வம். டெல்லி ஜே.என்.யூ.விலும் குஜராத் மத்தியப் பல்கலைக்கழகத்திலும் அறிவியல் கொள்கைக்குத் தனி மையங்கள் உண்டு. அங்கே போவது டிகிரிக்கு அப்புறம்தான். அதனால் முதலில் பி.எஸ்ஸி. இயற்பியலோ பி.ஏ. வரலாறோ ஒழுங்காகப் படிப்பது நல்ல வழி என்பேன். வெளிநாடு என்றால் லண்டன் யூ.சி.எல். பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே ஒரு துறை இருக்கிறது. ஸ்டான்போர்டில் இதே பெயரில் பி.ஏ.வும் உண்டு, பி.எஸ்.ஸும் உண்டு. பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள், கணக்கும் சயின்ஸும் எத்தனை பேப்பர் என்று எண்ணிப் பாருங்கள்.

நான் எண்ணவில்லை. முதுகலைக்கு ஒரு இடத்தில் சேர்ந்தேன், பேர் வேண்டாம். கையேட்டில் 'தொழில்நுட்பமும் சமூகமும்' என்று கொட்டை எழுத்து. போன பிறகுதான் தெரிந்தது, அது விருப்பப் பாடம்; நடத்தியவர் இரண்டு வருஷம் முன்பே வேறு ஊருக்குப் போய்விட்டார். பாடத்திட்டத்தில் மட்டும் பத்திரமாக இருக்கிறது. பீஸ் கட்டியாச்சு, என்ன செய்ய?

அதனால் தங்கை, இந்த வருஷத்து டைம்டேபிளைக் கேட்டு வாங்கு. அப்புறம் அங்கே பாடம் எடுக்கிற ஒருவருக்கு உன் ஊர்க் கேள்வி ஒன்றை மெயிலில் அனுப்பு. உதாரணத்துக்கு, ஊட்டி பக்கத்து முத்தோரையில் விண்வெளி ரேடியோ அலைகளைப் பிடிக்கிற ரேடியோ டெலஸ்கோப் இருக்கிறதே, 530 மீட்டர் நீளம், 1970-லிருந்து ஓடுகிறது. நம் அட்சரேகை 11 டிகிரி, அந்த மலைச்சரிவும் அதே 11 டிகிரி. அதனால்தான் பூமியின் அச்சுக்கு இணையாக அதைச் சாய்த்து வைக்க முடிந்தது. அதற்கு முன் அந்தச் சரிவில் யார் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று கேள். "நல்ல கேள்வி, நன்றி" என்று மட்டும் பதில் வந்தால் அடுத்த காலேஜைப் பார். திருப்பி இரண்டு கேள்வி கேட்டால் அந்த மெயிலை எனக்கும் அனுப்பு, நானும் படிக்கிறேன்.